கிணற்றுக்குள் இறக்கிய பம்ப்

தோட்டப் பராமரிப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைமாருக்குப் பாதுகாப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள் என்று என்னைக் கேட்டிருக்கிறார்கள். கையுறை, சப்பாத்து, கண்ணாடி, மருந்தடிக்கும்போது காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்ப்பது எல்லாம் உங்களுக்குத் தந்த புத்தகத்தில் படத்துடன் இருக்கின்றன. அவற்றை நான் திருப்பிச் சொல்லப் போவதில்லை. இருபத்தாறு வருடம் இந்த வேலையில் இருந்தேன். அதில் கடைசிப் பதினொரு வருடம் மேற்பார்வையாளர். அந்தக் காலத்தில் ஒருநாள், என்னுடைய ஒரு சொல்லால் ஒரு மனிதன் சாவுக்குக் கிட்டப் போனான். பிறகு மற்றவர்களுடன் சேர்ந்து அவனை இழுத்து எடுத்தேன். என்னைப் பற்றிக் கதைப்பவர்கள் இழுத்து எடுத்ததை மட்டும்தான் சொல்வார்கள். நான் உங்களுக்கு மற்றதையும் சொல்லவேண்டும்.

அதற்கு முதல் ஒரு சின்னச் சம்பவம். கோப்பாயில் ஒரு வீட்டு முன்வளவில் புல்லு வெட்டிக்கொண்டிருந்தோம். மெசினை ஓட்டியவர் சூசை அண்ணை. குருநகர் ஆள். முப்பது வருடம் மீன்பிடி வள்ளத்தில் நின்றுவிட்டு, கடல் போதும் என்று எங்கள் வேலைக்கு வந்தவர். அவருக்குப் பின்னால் எங்கள் குழுவின் புனிதா வெட்டிய புல்லை வாரிக்கொண்டு வந்தாள். நான் வாசல் படலையடியில் வீட்டுக்காரரோடு செம்பரத்தை வேலியைப் பற்றிக் கதைத்துக்கொண்டு நின்றேன். மெசினின் தகடு புல்லுக்குள் கிடந்த கல்லொன்றைத் தட்டியது. 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தபோது புனிதா முகத்தைப் பொத்தியபடி நிலத்தில் குந்தியிருந்தாள். விரல்களுக்கு இடையால் இரத்தம் வந்தது. தெறித்த கல் கண்ணுக்கு ஒரு விரலகலம் கீழே பட்டிருந்தது. மூன்று தையல்.

அன்றிலிருந்து எங்கள் குழுவில் மெசின் ஓடினால் இருபது எட்டு வைக்கும் தூரத்துக்குள் ஒருவரும் நிற்கக்கூடாது. முகத்துக்கு மறைப்பில்லாமல் அதைத் தொடக்கூடாது. வெட்டத் தொடங்குமுன் வளவு முழுக்க நடந்து கல் பொறுக்கவேண்டும். நல்ல மாற்றங்கள்தான். ஆனால் அந்தக் கல் எனக்கு ஒரு பிழையான பாடத்தையும் சொல்லித் தந்தது. ஆபத்தென்றால் அது சத்தம் போடும், சுழலும், வெட்டும் என்று என் மனதில் பதிந்துவிட்டது. சத்தம் போடாமல் வரும் ஆபத்தை நான் தேடவில்லை.

இனி அந்தக் கிணற்றுக்கு வருகிறேன்.

காங்கேசன்துறைப் பக்கத்தில், யுத்தத்தால் நெடுங்காலம் ஆட்கள் போகமுடியாமல் கிடந்து பிறகு திருப்பிக் கிடைத்த காணி ஒன்று. அதன் சொந்தக்காரர் சுவிசில் இருந்தார். பழைய அத்திவாரத்துக்குப் பக்கத்தில் புது வீடு கட்டி முடித்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை குடிபூரல், புது வீட்டுக்குக் குடிபோகும் நாள். புல்லுப் பதித்து, குரோட்டன் வைத்து, நடைபாதைக்குக் கல் அடுக்குவது எங்கள் வேலை. வியாழன் காலையில் எல்லாம் முடிந்திருந்தது, கிணற்றைத் தவிர. அத்தனை வருடமும் வேப்பிலை விழுந்து விழுந்து அழுகிய கிணறு. தண்ணீர் கறுப்பாக நாறியது. குடிபூரலுக்கு அந்தக் கிணற்றிலிருந்துதான் தண்ணீர் அள்ளவேண்டும் என்று அவருக்கு ஆசை. அவருடைய தகப்பன் வெட்டுவித்த கிணறு. ஆசையில் ஒரு பிழையும் இல்லை.

கிணறு இறைக்கும் ஆட்களைக் கேட்டோம். அடுத்த கிழமைதான் வரலாம் என்றார்கள். எங்கள் குழுவில் தேவனும் சுதனும் இருந்தார்கள். கரவெட்டிச் சகோதரர்கள். தேவனுக்கு நாற்பத்திரண்டு வயது, சுதனுக்கு முப்பத்தைந்து. கரவெட்டியில் கிணறு இறைத்த பழக்கம் இருவருக்கும் இருந்தது. நாங்களே செய்வோம் அக்கா என்றார்கள். பெற்றோலில் ஓடும் தண்ணீர்ப் பம்ப் ஒன்றை வாடகைக்கு எடுத்து வந்தோம்.

ஒன்பது மணியிருக்கும். தேவன் கிணற்றுக்கட்டில் குனிந்து, கல் கட்டிய கயிற்றைவிட்டு ஆழம் பார்த்தான்.

“மேலை வைச்சால் இழுக்காது அக்கா. தண்ணி ஆறு பாகத்திலை கிடக்கு,” என்றான். ஒரு பாகம் என்பது ஒரு ஆள் இரு கையையும் விரித்த நீளம்.

“அப்ப என்ன செய்யிறது?”

“பம்பை உள்ளுக்கை இறக்குவம். நாலாம் பாகத்திலை குறுக்கை ரெண்டு பனஞ்சலாகை போட்டால் வடிவா இருக்கும்.”

“பெற்றோல் மெசினைக் கிணத்துக்கை வைச்சு ஓட்டலாமோ? புகை?”

“புகை மேலை வந்திடும் தானே. எல்லாரும் உப்பிடித்தான் அக்கா செய்யினம். நாங்களே மூண்டு கிணறு இறைச்சிருக்கிறம்.”

சூசை அண்ணை கப்பியில் கயிறு போட்டுக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: “எனக்கெண்டால் உது பிடிக்கேல்லை, தங்கச்சி. வள்ளத்திலை மெசின் கீழை ஓடேக்கை மேல்மூடியைத் திறக்காட்டி எங்களுக்குத் தலையிடிக்கும். உது அதைவிட ஆழம்.”

அவர் சொன்னது என் காதில் விழுந்தது. எனக்கும் அதே ஐயம் இருந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை என்ற ஒரு சொல் தலைக்குள் நின்றது. தேவன் செய்து பழகியவன். வெய்யில் ஏறிக்கொண்டிருந்தது. பம்ப் வந்துவிட்டது. இவ்வளவும் சேர்ந்து அந்த ஐயத்தை அமத்திவிட்டன.

“சரி, வையுங்கோ. ஆனால் இறங்கிற ஆள் இடுப்பிலை கயிறு கட்டாமல் இறங்கக்கூடாது,” என்றேன்.

ஒரு பிழையைச் செய்துவிட்டு அதற்கு மேலே ஒரு நிபந்தனையைப் போட்டால் அது சரியாகிவிடும் என்று நினைக்கிற பழக்கம் மேற்பார்வையாளருக்குச் சுலபமாக வரும். உங்களுக்கும் வரும்.

பம்ப் ஒன்றரை மணித்தியாலம் ஒழுங்காக ஓடியது. கறுத்த தண்ணீர் குழாயால் வந்து வாய்க்காலில் விழுந்தது. வீட்டுக்குள் பெயின்ரர்மார் இரண்டு பேர் யன்னல்களுக்குக் கடைசிப் பூச்சுப் பூசிக்கொண்டிருந்தார்கள். பதினொன்றரைக்குக் கொஞ்சம் முன் தண்ணீர் குறைந்து, இருமியதுபோல் வந்து, நின்றுவிட்டது. மெசின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

“இலை அடைச்சுப்போச்சு,” என்றான் தேவன். “நான் இறங்கி எடுத்திட்டு வாறன்.”

இடுப்பில் கயிற்றைக் கட்டினான். சூசை அண்ணை மற்ற நுனியைப் பிடித்தார். கிணற்றுச் சுவரில் கால் வைக்கக் குடைந்த பொந்துகள் இருந்தன. அவற்றில் மிதித்து மிதித்து அவன் இறங்கி, குறுக்கே போட்டிருந்த பனஞ்சலாகையில் நின்று, முதல் வேலையாக மெசினை நிற்பாட்டினான். சத்தம் நின்றதும் எனக்கு ஒரு ஆறுதல் வந்தது. மெசின் நின்றுவிட்டது, இனிப் பயமில்லை என்று நினைத்தேன். ஓடிய மெசின் விட்ட புகை ஓடிவிடவில்லை, அது கிணற்றுக்குள்ளேயே நின்றது என்று நினைக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து என் தொலைபேசி அடித்தது. வீட்டுக்காரர். கொழும்புக்கு வந்திறங்கிவிட்டாராம். கிணறு எந்த அளவில் என்று கேட்டார். நான் வேப்பமர நிழலுக்கு நாலு எட்டு நகர்ந்தேன். பின்னால் சூசை அண்ணையின் குரல் கேட்டது.

“தேவன், கயித்தைக் கழட்டாதை!”

“குழாயிலை சிக்குது அண்ணை. ஒரு நிமிசம்.”

நான் திரும்பவில்லை. “இண்டைக்கு முடிஞ்சிடும் ஐயா” என்று தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகு கிணற்றுக்குள்ளிருந்து தேவனின் குரல் கேட்டது. கத்தவில்லை. ஏதோ சாதாரணமாகச் சொல்வதுபோல் சொன்னான்: “அக்கா... தலை ஒரு மாதிரிக் கிடக்கு.”

ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். அவன் பம்பின் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். களைத்தவன் இளைப்பாறுவதுபோல் இருந்தது. ஒரு கால் சலாகைகளுக்கு நடுவால் கீழே தொங்கியது. நான் கூப்பிட்டேன். தலையைக் கொஞ்சம் உயர்த்தினான். பிறகு அது விழுந்துவிட்டது. அவனுக்குக் கீழே மூன்று பாகத்தில் மிச்சத் தண்ணீரும் சேறும் கிடந்தன. ஒரு பக்கம் சரிந்தால் நேரே அதற்குள்தான். கயிறு அவனுக்குப் பக்கத்தில், யாரையும் பிடிக்காமல், வெறுமனே தொங்கியது.

சுதன் சேட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஒரு காலைக் கிணற்றுக்கட்டுக்கு மேலே போட்டுவிட்டான்.

சில வருடங்களுக்கு முன் நான் ஒரு செத்தவீட்டுக்குப் போயிருந்தேன். ஒரே முற்றத்தில் மூன்று பெட்டிகள். அந்த வீட்டுக்காரன், அவனுடைய மைத்துனன், பக்கத்து வீட்டுக்காரன். மூன்று பேரும் ஒரே கிணற்றில் போனவர்கள். பந்தலுக்குள் எனக்குப் பக்கத்தில் இருந்த ஒருவர், இன்றுவரை அவர் யாரென்று தெரியாது, தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னார்: “முதல் ஆள் ஏன் விழுந்தவன் எண்டு ரெண்டாவது ஆள் கேக்கேல்லை. ரெண்டு பேரும் ஏன் வரேல்லை எண்டு மூண்டாவது ஆள் கேக்கேல்லை.” அந்தச் செத்தவீடு காலை ஒன்பது மணிக்கு எனக்கு நினைவு வரவில்லை. சுதனின் கால் கட்டுக்கு மேலே போனபோது வந்தது.

நான் அவனுடைய இடுப்பைக் கட்டிப்பிடித்துப் பின்னால் இழுத்தேன். இருவரும் மண்ணில் விழுந்தோம். அவன் திமிறினான். அவனுடைய முழங்கை என் வாயில் பட்டு, பல் உதட்டைக் கிழித்தது.

“விடுங்கோ! அண்ணையைச் சாக விட்டிட்டு நிக்கச் சொல்லுறியளோ!”

“கிணத்துக்கை நல்ல காத்து இல்லையடா! நீயும் விழுவாய்!”

“நான் மூச்சைப் பிடிச்சுக்கொண்டு போறன்!”

“நீ இறங்கினால் ரெண்டு பேரை எடுக்கவேணும், சுதன். எனக்கு ஒராளை எடுக்கவே வழி தெரியேல்லை!”

அதைச் சொன்னபோது என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அது உண்மை என்பதால்தான் அவன் ஒரு கணம் நின்றிருக்கவேண்டும். அந்த ஒரு கணம் போதுமாக இருந்தது. சத்தம் கேட்டு ஓடிவந்த பெயின்ரர் ஒருவர் அவனைப் பின்னால் பிடித்துக்கொண்டார்.

புனிதாவிடம் அம்புலன்சுக்கு அடிக்கச் சொன்னேன். “கிணத்துக்கை விழுந்திட்டான் எண்டு சொல்லாதை. மெசின் புகையிலை மயங்கிட்டான், ஒக்சிசன் வேணும் எண்டு சொல்லு. தீயணைப்புக்கும் அடிக்கச் சொல்லு.” அவள் சொல்லிவிட்டு, எங்கள் சாமான் ஏற்றிவந்த வானுக்கு ஓடினாள். தீயணைப்பு வண்டி நகரத்திலிருந்து வரவேண்டும். அரை மணித்தியாலம். தேவனுக்கு அரை மணித்தியாலம் இருக்கவில்லை.

சூசை அண்ணை யாரும் சொல்லாமலே வேலையில் இருந்தார். தொங்கிய கயிற்றை மேலே இழுத்து, நுனியில் ஒரு பெரிய கண்ணி போட்டு, அது பாரமாகத் தொங்குவதற்கு மண்வெட்டித் தகடொன்றைக் கட்டினார். அவருடைய விரல்கள் அவசரப்படவில்லை.

“கையிலை மாட்டினால் போதும். கையும் தோளும் பிடிச்சால் ஆளை இழுக்கலாம்,” என்றார்.

முதல் தடவை கண்ணி பம்பின் கைப்பிடியில் மாட்டியது. இரண்டாம் தடவை தேவனின் முழங்கையில் தொட்டு வழுகியது. மூன்றாம் தடவை அது அவனுடைய தலையில் விழுந்து தோளில் படிந்தது. பிடித்துவிட்டது என்று நினைத்த மற்றப் பெயின்ரர் கயிற்றை இழுக்கத் தொடங்கினார்.

“இழுக்காதையுங்கோ! அது கழுத்து!” என்று நான் கத்தினேன். சூசை அண்ணை தன் காலால் கயிற்றை மிதித்து நிற்பாட்டினார். மெதுவாக ஆட்டி ஆட்டிக் கண்ணியைத் தலைக்கு வெளியே எடுத்தார்.

அப்போதுதான் புனிதா இலை ஊதும் மெசினை முதுகில் மாட்டிக்கொண்டு வந்தாள். “இதாலை காத்து அடிப்பம் அக்கா!” என்றாள். நல்ல யோசனை. ஆனால் அது பெற்றோல் மெசின். இழுத்து ஓட்டுவதற்குக் கயிற்றில் கை வைத்துவிட்டாள்.

“அது வேண்டாம்! அதுவும் அதே புகைதான்! கரண்டிலை ஓடுறதைக் கொண்டா!”

விறாந்தைகளுக்குத் தூசு ஊதுவதற்கென்று கரண்டில் ஓடும் சின்ன மெசின் ஒன்றும் வானில் இருந்தது. பெயின்ரர்மார் சுவர் மினுக்குவதற்கு இழுத்த வயர் முற்றம் வரை வந்திருந்தது. சுவரோரம் மழைத்தண்ணீருக்கான பீவீசி குழாய்கள் கிடந்தன. இரண்டை ஒன்றுக்குள் ஒன்று செருகினோம். மெசினின் வாயைக் குழாயில் வைத்து, ஈரச் சாக்கால் சுற்றிக் கட்டினோம். இவையெல்லாம் அங்கே இருந்தது எங்களுடைய கெட்டித்தனம் இல்லை. இல்லாமல் போயிருந்தால் நான் இன்று வேறு கதை சொல்லிக்கொண்டிருப்பேன், அல்லது சொல்லாமல் இருந்திருப்பேன்.

குழாயைப் பிடிக்க ஆள் வேண்டும். நான் சுதனைப் பார்த்தேன். அவன் இன்னும் பெயின்ரரின் பிடிக்குள் திமிறிக்கொண்டு நின்றான். அவனைப் பிடித்து வைத்திருக்கவே ஒரு ஆள் வீணாகிக்கொண்டிருந்தது. விட்டால் குதித்துவிடுவானோ என்று பயமாகவும் இருந்தது. விடுவதென்று முடிவெடுத்தேன்.

“சுதன், இஞ்சை வா. குழாயின்ரை நுனி அண்ணையின்ரை முகத்துக்கு நேரை நிக்கவேணும். ஆடக்கூடாது. நீதான் பிடிக்கவேணும். பிடிச்சுக்கொண்டு அவனைக் கூப்பிடு.”

அவன் வந்தான். கிணற்றுக்கட்டில் வயிற்றை வைத்துப் படுத்து, குழாயை இரு கையாலும் பிடித்தான். அவனுடைய கால்களை ஒரு பெயின்ரர் பிடித்துக்கொண்டார். புனிதா மெசினை ஓட்டினாள். தேவனின் தலைமயிர் காற்றில் அசைவது மேலேயிருந்து தெரிந்தது.

“அண்ணை! அண்ணை! நான் சுதன். கேக்குதோ? அண்ணை!”

நான் கூப்பிட்டபோது தலையைக் கொஞ்சம் உயர்த்தியதோடு அடங்கிப்போன மனிதன். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், எவ்வளவென்று தெரியாது. பிறகு தேவனின் வலது கை விரல்கள் பம்பின் மேல் சுரண்டின. தலை சற்று ஒருக்களித்தது. அந்த அசைவில் அவனுடைய உடம்பு ஒரு சாண் சரிந்தது. சலாகை முனகியது.

“அண்ணை, ஆடாதை! கையை மட்டும் தூக்கு. வலது கை. அண்ணை, வலது கை!”

சூசை அண்ணை கண்ணியை இறக்கி அவனுடைய கைக்கு மேலே நிறுத்தினார். தேவனின் கை எழுந்தது. நித்திரையில் யாரோ கூப்பிடக் கை கொடுப்பதுபோல் எழுந்து, கண்ணிக்குள் போனது. சூசை அண்ணை சுண்டி இழுத்தார். கண்ணி மணிக்கட்டைக் கடந்து, முழங்கையைக் கடந்து, அக்குளில் இறுகியது.

சூசை அண்ணை என்னைப் பார்த்தார். “தங்கச்சி, ஒத்தைக் கையிலை இழுத்தால் தோள் கழண்டிடும்.”

இரண்டாவது கயிறு போட நேரம் இருக்கிறதா? அவன் சரிந்துகொண்டிருந்தான். கண் மறுபடி மூடிவிட்டது. அவன் தோட்டக்காரன். கையை உயர்த்திக் கிளை வெட்டிப் பிழைப்பவன். எனக்கு அது தெரியும். தெரிந்துகொண்டுதான் சொன்னேன்.

“இழுங்கோ.”

நானும் சூசை அண்ணையும் மற்றப் பெயின்ரரும் இழுத்தோம். சுதன் குழாயை விடாமல், அண்ணனின் முகத்தோடு சேர்த்து மேலே மேலே கொண்டுவந்தான். தேவன் பாதி வழியில் ஒரு சத்தம் போட்டான். நான் இதுவரை கேட்டதிலேயே கொடுமையான சத்தம் அது. ஆனால் சத்தம் போடுபவன் மூச்சு விடுகிறான். கட்டுக்கு மேலே அவனைத் தூக்கி மண்ணில் கிடத்தியபோது கை வேறு பக்கமாகத் திரும்பியிருந்தது. முகம் வெளிறவில்லை, சிவந்திருந்தது. வயிற்றில் இருந்ததைச் சத்தி எடுத்தான். சுதன் அவனுடைய தலையை மடியில் வைத்துக்கொண்டு, “அண்ணை, அண்ணை” என்றே சொல்லிக்கொண்டிருந்தான். அம்புலன்ஸ் வந்தபோது புனிதா தன் தொலைபேசியைப் பார்த்தாள். அவள் அழைத்துப் பதினேழு நிமிடம் ஆகியிருந்தது. எனக்கு ஒரு பகல் போனதுபோல் இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் பெண் வைத்தியர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். மெசின் புகையில் காபனோரொட்சைட்டு என்று ஒரு வாயு இருக்கிறது. மணமில்லை, நிறமில்லை, கண் எரியாது, இருமல் வராது. முதலில் தலை பாரமாகும். பிறகு, தான் மயங்குகிறேன் என்று யோசிக்கும் புத்தியே மங்கிவிடும். “பழைய ஆக்கள் கிணத்துக்கை விளக்கு இறக்கிப் பாக்கிறவை எல்லோ?” என்று கேட்டேன். “இதிலை அந்த விளக்கு அணையாது அம்மா. நல்லா எரியும்,” என்றார்.

இனி, விளைவுகளைச் சொல்கிறேன். தேவன் பிழைத்தான். ஆனால் வீட்டுக்கு வந்தபிறகு மூன்று மாதம் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டான். அடுப்பில் பால் வைத்துவிட்டு மறந்தான். ஒருநாள் சந்தைக்குப் போய், திரும்பி வரும் வழி தெரியாமல் பேருந்து நிலையத்தில் இருந்தான். அது மெல்ல மெல்லக் குறைந்தது. தோள் குணமாகவில்லை. வலது கையை இன்றும் நெஞ்சுக்கு மேலே உயர்த்த மாட்டான். இப்போது எங்கள் நாற்றுமேடையில் இருந்தபடி பதியம் வைக்கிறான், ஒட்டுக் கட்டுகிறான். நன்றாகவே செய்கிறான். ஆனால் மரத்தில் ஏறி வேலை செய்தவனுக்கு இருந்து வேலை செய்வது என்னவென்று அவன் என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்கத் துணிந்ததில்லை.

அறிக்கை எழுதும்போது அலுவலகத்தில் ஒருவர், நல்ல மனதோடுதான், “தொழிலாளர் தாங்களாகவே பம்பை உள்ளே வைத்தார்கள் என்று எழுதினால் உங்களுக்குச் சிக்கல் இல்லை” என்றார். அன்று பின்னேரம் முழுக்க அந்த வசனம் என்னைச் சுற்றிக்கொண்டிருந்தது. பொய் என்று முற்றாகச் சொல்லமுடியாத வசனம். கடைசியில், ‘பம்பை உள்ளே வைக்க அனுமதித்தது நான். தொழிலாளி கயிற்றைக் கழற்றியபோது நான் தொலைபேசியில் இருந்தேன்’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். மூன்று மாதம் என்னை மேற்பார்வையிலிருந்து நிற்பாட்டினார்கள். அது நியாயம்.

சுதன் என்னோடு கதைப்பதை விட்டுவிட்டான். வேலைக்கு வருவான், சொன்னதைச் செய்வான், போவான். தன்னைத் தடுத்ததற்குத்தான் கோபம் என்று நினைத்திருந்தேன். ஐந்தாறு மாதம் கழித்து, கரவெட்டியில் அவர்கள் வீட்டுக்குத் தேவனைப் பார்க்கப் போயிருந்தேன். திரும்பும்போது சுதன் படலை வரை வந்தான்.

“அக்கா, நீங்கள் என்னை விடாமல் பிடிச்சது சரி. எனக்கு அது விளங்கும். என்ரை ரெண்டு பிள்ளையளுக்கு நான் இருக்கிறன் எண்டால் அதாலைதான்.”

“ஓம், சுதன்.”

“ஆனால் ஊரிலை எல்லாரும் உங்களைப் புகழேக்கை எனக்கு ஏலாமல் கிடக்கு. அண்டைக்குக் காலமை ஒன்பது மணிக்கு வேண்டாம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் ஆரும் ஆரையும் பிடிக்கத் தேவையில்லை. அண்ணை கேட்டிருப்பார். நீங்கள் சொன்னால் அவர் கேக்கிறவர்.”

நான் சைக்கிளை எடுத்தேன். அவன் படலையை எனக்காகத் திறந்து பிடித்தான்.

தம்பி தங்கைமாரே, நான் சொல்ல வந்தது இதுதான். கிணற்றுக்கட்டில் எடுத்த முடிவுகளைப் பற்றி என்னை நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். எப்படி அந்த நேரத்தில் யோசித்தீர்கள் என்பார்கள். பகல் பன்னிரண்டு மணிக்கு யோசிப்பது பெரிய காரியமில்லை. அப்போது ஆபத்து கண்ணுக்கு முன்னால் கிடக்கும், அதுவே உங்களை யோசிக்க வைக்கும். காலை ஒன்பது மணிக்கு யோசிப்பதுதான் கடினம். அப்போது ஒன்றும் நடந்திருக்காது. எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று அனுபவசாலி ஒருவன் சொல்வான். வேலை முடியவேண்டிய நாள் கிட்ட நிற்கும். உங்களுக்கு உள்ளே ஒரு சின்ன ஐயம் மட்டும் இருக்கும். அதைத் தவிர வேறு சாட்சி இருக்காது.

கடைசியாக இன்னொன்று. நான் திரும்ப மேற்பார்வைக்கு வந்த வருடம் அளவெட்டியில் ஒரு வேலை. அதே மாதிரி ஆழக் கிணறு. வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற ஒரு ஐயா. பம்பை உள்ளே இறக்கி இறைத்துத் தரும்படி கேட்டார். கரண்ட் மோட்டருக்குச் சொல்லியிருக்கிறோம், நாலு நாள் பொறுங்கள் என்றேன். அவருக்குப் பொறுக்க மனமில்லை.

“எல்லாரும் செய்யிறதுதானே பிள்ளை. பயமெண்டால் பயமெண்டு சொல்லுங்கோ.”

“ஓம் ஐயா, பயம்தான்,” என்றேன்.

அவர் எங்களை அனுப்பிவிட்டு வேறு ஆட்களைப் பிடித்தார். புறப்படுமுன் அவர்களிடம் போய் நடந்ததைச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டார்கள். பிறகு பம்பை உள்ளே இறக்கினார்கள். நானும் சுதனும் வேறொரு வளவில் வேலை செய்தோம். என் கை வேலையில் இருந்ததே தவிர மனம் அந்தக் கிணற்றடியில்தான் நின்றது. பின்னேரம் நாலு மணிக்கு ஐயா தொலைபேசி எடுத்தார்.

“பாத்தியளோ பிள்ளை? கிணறு இறைச்சு முடிஞ்சுது. ஒண்டும் நடக்கேல்லை.”

அவருடைய குரலில் ஒரு சிரிப்பு இருந்தது. நீங்கள் வேண்டாம் என்று சொல்லும் நாட்களில் பெரும்பாலும் இப்படித்தான் முடியும். நீங்கள் சொன்னது சரி என்று ஒருவரும் வந்து சொல்லமாட்டார்கள். ஒன்றும் நடக்காததால் உங்களைப் பயந்தவர் என்பார்கள்.

“நல்லது ஐயா,” என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

வேலி ஓரத்தில் சுதன் வேலையை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“என்னவாம் அக்கா?”

“எல்லாரும் மேலை வந்திட்டினமாம்.”

அவன் தோளில் கிடந்த துவாயை எடுத்து முகத்தை நெடுநேரம் துடைத்தான். பிறகு என்னிடம் தண்ணீர்ப் போத்தலை நீட்டினான்.

“குடியுங்கோ அக்கா. காலமையிலையிருந்து நீங்கள் ஒண்டும் குடிக்கேல்லை.”